சனிக்கிழமை ஒருவருக்கும் நோயில்லை

அமெரிக்க ஐக்கிய நாடுகள், வடக்கு டகோட்டா மாநிலம், மவுண்ட் டால்வர் நகர எல்லைக்குள் வசிக்கும் சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: வருகிற அக்டோபர் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை இந்நகரத்தில் ஒருவருக்கும் எந்த நோயும் இருக்கலாகாது.

நகரசபை இதை ஏகமனதாக நிறைவேற்றியது. ஐந்து உறுப்பினர்களில் இருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்குத் தோள்பட்டையில் கோளாறு. தீர்மானத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கும்போது தோள்பட்டைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஐந்தாமவர் மேயர் டுவைட் கோல்ஸ்டாட். டிராக்டர் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். அவருக்கு எந்த வியாதியும் கிடையாது, மேடையைக் கண்டால் பேசாமல் இருக்க முடியாது என்பதைத் தவிர. அறிவிப்பைத் தபால் நிலையக் கதவிலும், சிற்றுண்டிக் கடையிலும், சர்ச் வாசலிலும் அவரே ஒட்டினார். மவுண்ட் டால்வரில் மொத்தம் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர். பெயரில் இருக்கும் மலையை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

காரணமில்லாமல் இல்லை. ஊரிலிருந்த ஒரே டாக்டர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன்னுடைய மூட்டுவலிக்கு வெயில் தேடி அரிசோனாவுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து யாருக்கு என்ன வந்தாலும் எழுபத்தோரு மைல் போக வேண்டும். அதில் பதினாறு மைல், பனி விழுந்துவிட்டால் ரோடா வயலா என்று தெரியாது. போன வசந்தத்தில் ஒஹையோவிலிருந்து ஓர் இளம் டாக்டர் ஊரைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். சர்ச் கூடத்தில் விருந்து வைத்தார்கள். உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிக்கொண்டிருந்தபோது வெர்ன் என்ற பெரியவர், "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, டாக்டருக்கு எதிரே உட்கார்ந்து வலது காலின் பூட்ஸைக் கழற்றினார். பிறகு காலுறையை. அதைப் பார்த்ததும் அவருக்குப் பின்னால் நின்றவர் சட்டைப் பொத்தானில் கை வைத்தார். பத்து நிமிஷத்தில் பதினான்கு பேர் வரிசை கட்டிவிட்டார்கள். காபி வருவதற்குள் ஒஹையோ டாக்டர் காரில் ஏறிவிட்டார். வெர்னின் கால் ஆறிவிட்டது. ஊரின் கோபம் ஆறவில்லை.

ஆகவே அடுத்த டாக்டர் ஊரைப் பார்க்க வருகிற இந்தத் தடவை விதிகள் கடுமையாக இருந்தன. கைத்தடிகளும் நடைவண்டிகளும் டாக்டர் கண்ணில் படக் கூடாது. இருமல் வந்தால் வெளியே போய்விட வேண்டும். "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டால், "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். கடைசி விதிதான் ஊரைக் குழப்பியது. மவுண்ட் டால்வரில் அறுவடை இயந்திரத்தில் விரல் போனவன்கூட அந்தக் கேள்விக்கு "ஏதோ, பரவாயில்ல" என்றுதான் சொல்வான். "நல்லா இருக்கேன்" என்பது கொஞ்சம் தற்பெருமை மாதிரி இருந்தது. சிற்றுண்டிக் கடையில் சிலர் அதைச் சொல்லிப் பழகினார்கள்.

டாக்டரைக் காரில் அழைத்துப்போய் ஊரைக் காட்டும் பொறுப்பு மார்லிஸ் என்பவளுக்கு வந்தது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்து ஓய்வு பெற்றவள். அவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுவல்ல. நாய்முடி இல்லாத கார் ஊரில் அவளிடம் மட்டும்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அவள் புருஷன் ஆரின், தட்டிலிருந்த இரண்டு முட்டையில் ஒன்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். நாற்பத்தோரு வருஷத்தில் அவர் தட்டில் முட்டை மிஞ்சி மார்லிஸ் பார்த்தது ஒரே தடவைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவருக்கு இதயக்குழாயில் ஸ்டென்ட் என்ற கம்பிச்சுருள் வைத்த அன்றைக்கு. ஆரின் ஜன்னலோரம் போய் நின்றார். இடது கையை வலது கையால் முழங்கையிலிருந்து தோள் வரை உருவிவிட்டுக்கொண்டார்.

"என்ன பண்ணுது?"

"நேத்து வேலி கம்பத்தைப் பிடுங்கினேன்ல. அதான்."

"நேத்து நீ வேலிப்பக்கமே போகல, ஆரின்."

"அப்ப முந்தா நாள்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் ஊர் இல்லை அது. அலமாரியைத் திறந்து, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைக் குப்பியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டாள். ஆரின் ஜன்னல் கண்ணாடியில் அதைப் பார்த்தார்.

"அதை அந்தம்மா முன்னாடி வெளிய எடுத்துத் தொலைக்காத. டுவைட் சொன்னது ஞாபகமிருக்கில்ல?"

"டுவைட்டுக்கு நெஞ்சே கிடையாது. வலி எங்கேர்ந்து தெரியும்?"

"மார்லிஸ்." அவர் புதுச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவை விழுந்தது. "ஊருக்கே ஒரு டாக்டர் வரணும்னா ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்கலாம். வெர்ன் மாதிரி என் பேரும் கெடணுமா?"

டாக்டர் லெனோரா பாஸ்கோ விடுதி வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். கலிபோர்னியாவில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. அங்கே ஒரு நோயாளிக்கு ஏழு நிமிஷம்தான் தருகிறார்கள், எட்டாவது நிமிஷத்தில் மேஜைக்கு மேல் ஒரு விளக்கு எரிகிறது என்று காரில் ஏறும்போதே சொன்னார். அதனால்தான் சின்ன ஊராகத் தேடுகிறாராம். இரண்டு மாதத்தில் இது ஐந்தாவது ஊர்.

"மத்த ஊரெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று மார்லிஸ் கேட்டாள். கண் ரோட்டில் இருந்தது. மனம் வீட்டு ஜன்னலோரத்தில் இருந்தது.

"கேன்சஸ்ல ஒரு ஊரு. எந்த சர்ச்சுக்குப் போவீங்கன்னு ஒரே நாள்ல பதினோரு பேர் கேட்டாங்க. பதினோரு பேரும் வேற வேற சர்ச்சு. வயோமிங்ல குதிரை மேல ஏத்தி விட்டாங்க. இறக்கிவிட ஆளில்ல. நெப்ராஸ்கால நகரத்துச் சாவின்னு இத்தாம்பெரிய மரச்சாவி ஒண்ணு குடுத்தாங்க, ஏர்போர்ட்ல பிடுங்கிக்கிட்டாங்க. மான்டானால மலை தெரியற வீட்டைக் காட்டினாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ரோடு வருஷத்துல நாலு மாசம் திறக்காதுன்னு பெட்ரோல் போட்ட ஆள் சொல்லித்தான் தெரிஞ்சுது." டாக்டர் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்தார். "எல்லா ஊர்லயும் ஒரே கதைதான். பொண்ணு பார்க்கப் போற மாதிரி இருக்கு. வீட்டுல யாருமே கத்தறதில்ல, குறட்டை விடறதில்ல."

மார்லிஸ் சிரித்தாள்.

"இங்க பள்ளிக்கூடத்துல சங்கீத டீச்சர் உண்டா? என் வீட்டுக்காரர் நீல் அதான் பண்றார். வாத்தியக்குழு நடத்துவார்."

"விளையாட்டு டீச்சரே அதையும் பாத்துக்கறார்," என்றாள் மார்லிஸ். "விசில் நல்லா ஊதுவார்."

மேயர் வரைந்து கொடுத்த வழிப்படத்தின்படி அவர்கள் தானியக் கிடங்கு, பள்ளிக்கூடம், மூன்று வருஷமாகியும் பெருமை குறையாத கால்பந்துக் கோப்பை, பூட்டிக் கிடக்கும் மருத்துவமனைக் கட்டிடம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். கட்டிடத்துக்குப் புது வெள்ளையடித்திருந்தார்கள். கல்லறைத் தோட்டம் கண்ணில் படாதபடி வழி போட்டிருந்தார் மேயர். ஆனால் அந்த வழியில் சோளம் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. மார்லிஸ் வண்டியைத் திருப்ப வேண்டியதாயிற்று. இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே கல்லறைகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன.

"ஊருக்குள்ள இருக்கறவங்களைவிட இங்க அதிகம் போலிருக்கே," என்றார் டாக்டர்.

"பழைய ஊருங்க."

"புதுசாவும் சிலது தெரியுது." டாக்டர் திரும்பி மார்லிஸின் முகத்தைப் பார்த்தார். "நேராவே கேக்கறேன். இங்க ஒருத்தருக்கு நெஞ்சைப் பிடிச்சா என்ன பண்றீங்க?"

ஒப்பிக்க வேண்டிய பதில் மார்லிஸிடம் தயாராக இருந்தது. மேயர் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். அதைச் சொல்லும்போது தன் குரல் யாரோ பேசுவதுபோல் அவளுக்குக் கேட்டது. "இங்க யாருக்கும் பெருசா ஒண்ணும் வர்றதில்ல, டாக்டர். நல்ல காத்து."

கைப்பைக்குள் மாத்திரைக் குப்பி காரின் குலுக்கலுக்குக் கிலுகிலுவென்று சத்தம் போட்டது. அவள் பையை மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் நிமிர்ந்து நின்றார்கள். அல்லது நிமிர்ந்து நிற்பதற்காக எதையாவது பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாற்காலி முதுகுகளெல்லாம் தேய்ந்துவிடும்போல் அழுந்திக் கிடந்தன. நீண்ட மேஜையில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் அடுப்பில் சுட்டெடுத்த வகைகள் பதினெட்டு. பதினெட்டும் ஒன்றேதான், ஆனால் பதினெட்டுப் பெண்களும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பச்சை நிறத்தில் ஒரு ஜெல்லி நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் வெளிப்படையாக நடுங்க அனுமதி பெற்றது அது ஒன்றுதான். வெர்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போனார்.

"நல்லா இருக்கேன்."

"நல்லா இருக்கேன்."

எண்பத்து நான்கு வயது பெர்னிஸ், மூச்சு வாங்க, "நல்லா" வரைக்கும் சொல்லி நிறுத்தி, ஒரு தடவை காற்றை இழுத்து, "இருக்கேன்" என்று முடித்தாள். ஒரு வருஷமாக ஆக்ஸிஜன் உருளையை இழுத்துக்கொண்டு நடக்கிறவள் அவள். இன்று அவள் கையில் காகிதத் தட்டு மட்டும் இருந்தது.

ஆரின் எதிர்ச்சுவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மார்லிஸ் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது அவரைத்தான். முகத்தில் அடுப்புச் சாம்பலைப் பூசியமாதிரி இருந்தது. மேலுதட்டில் வேர்வை. வெளியே குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் அங்கிருந்தபடியே புருவத்தை உயர்த்தினாள். அவர் தலையை அசைத்தார். அது இல்லை என்றும் இருக்கலாம், இப்போது வேண்டாம் என்றும் இருக்கலாம். பக்கத்தில் தபால்காரர் ரோலண்ட் குனிந்து ஏதோ கேட்டார். ஆரினின் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்பது மார்லிஸுக்கு அங்கிருந்தே தெரியும்: ஏதோ, பரவாயில்ல.

மேயர் டுவைட் கோல்ஸ்டாட் மேடையேறினார். கையில் சின்னச் சின்ன அட்டைகள். முதல் அட்டையில் எல்லையற்ற வானம் வந்தது. இரண்டாவதில் முன்னோர்கள் வந்தார்கள், மூன்றாவதிலும் அவர்கள் போகவில்லை. நான்காவது அட்டை காணாமல் போயிருந்ததால் இரண்டாவதை மறுபடி வாசித்தார். மார்லிஸ் டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு இருபது. ஆஸ்பத்திரி எழுபத்தோரு மைல். பன்னிரண்டு இருபத்தாறு. ஆரின் இப்போது ஜன்னல் விளிம்பில் தலையைச் சாய்த்திருந்தார்.

"ஆரோக்கியம்!" என்றார் மேயர், ஏழாவது அட்டையில். "எங்க ஊர் மண்ணுலயே ஆரோக்கியம் இருக்கு, டாக்டர். நான் சொல்ல வேண்டாம். கண்ணாலயே பாருங்க. நம்ம ஆரின்! அறுபத்தேழு வயசு. ஒரு நாள் படுத்ததில்ல. ஆரின், எழுந்து நில்லு!"

கம்பிச்சுருள் வைத்த செய்தி ஊருக்கே தெரியும். வைத்த வாரம் பதினெட்டுப் பாத்திரங்கள் அவர்கள் வீட்டுக்கு வந்தன. அதே பதினெட்டு. இப்போது இருநூறு பேரும் கைதட்டினார்கள்.

ஆரின் எழுந்தார். முதலில் கைகளை ஊன்றினார், அப்புறம் முழங்கால், அப்புறம் மெதுவாக அந்த ஆறடி உடம்பு முழுதும் மேலே வந்தது. நின்றார். சிரிக்கவும் செய்தார். கைதட்டல் ஓயும்வரை நின்றுவிட்டு, உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது. நாற்காலி அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

மார்லிஸ் மேஜைகளைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனாள். ஓடவில்லை. ஓடினால் எல்லாரும் பார்ப்பார்கள். அவர் கையைத் தொட்டாள். மீன்போல் குளிர்ந்திருந்தது. மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தாள்.

"அந்தம்மாகிட்ட சொல்றேன்."

"கேக் சாப்பிட்டு முடிக்கட்டும்," என்றார் ஆரின். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைத்தார். "விருந்துக்குக் கூப்பிட்டுட்டு வேலை வாங்கறதா? அசிங்கம்."

"செத்துப்போயிட்டா?"

"நாலு மணிக்கு மேல."

அவர் அதைக் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் கண்ணில் இருந்தது கேலி இல்லை. மேயர் அடுத்த அட்டையைக் கைவிட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கி, சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு அவர்களிடம் வந்தார்.

"என்ன இவன், இப்படி இருக்கான்? சமையலறைக் கதவு வழியா மெதுவா வெளிய கூட்டிட்டுப் போ, மார்லிஸ். ரோலண்டை அனுப்பறேன். அரை மணி நேரம். அந்தம்மா கையெழுத்துப் போடற மனநிலையில இருக்கு, முகத்தைப் பாத்தாலே தெரியுது."

மார்லிஸ் பரிமாறும் மேஜைக்குப் போனாள். அங்கே காபிக் கெண்டி இருந்தது. அதை ஏன் கையில் எடுத்தாள் என்று பிறகு யோசித்தபோதும் அவளுக்குத் தெரியவில்லை. வெறுங்கையோடு ஒரு விருந்தாளியிடம் போய் உதவி கேட்கும் துணிச்சல் அவள் வம்சத்தில் யாருக்கும் இருந்ததில்லை, அதனால் இருக்கலாம். டாக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் காபி?"

"வேணாங்க."

அந்த ஊரில் முதல் 'வேண்டாம்' கணக்கில் சேராது. "கொஞ்சூண்டு?"

"இல்லைங்க, போதும்."

கெண்டியின் மூக்கிலிருந்து மேஜை விரிப்பில் இரண்டு சொட்டு விழுந்தது. சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அது மற்ற வார்த்தைகளுக்கு வழிவிட்டுக் கடைசியில் நின்றுகொண்டிருந்தது. "டாக்டர், உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா… நீங்க கேக்கைச் சாப்பிட்டே வரலாம், அவசரம்னு ஒண்ணும்… சனிக்கிழமையும் அதுவுமா… எங்க வீட்டுக்காரர்…"

"ஜன்னலோரம் இருக்கறவரா?"

"ஆமா."

டாக்டரின் நாற்காலி பின்னால் விழுந்து சத்தம் எழுப்பியது. "வந்ததுலேர்ந்து அவரைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். மேடையேறும் முன்னாடியே மேயர்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன். பூர்வீகம் நார்வே, அந்தக் குடும்பத்துக்கே அந்த நிறம்தான்னார்!" இதைச் சொல்லி முடிக்கும்போது அவர் பாதிக் கூடத்தைக் கடந்திருந்தார்.

அதன் பிறகு நடந்ததை மார்லிஸ் துண்டு துண்டாகத்தான் பார்த்தாள். ஆரின் தரையில். புதுச் சட்டையின் பொத்தான்கள் தெறித்து ஒன்று ஜெல்லிக்குள் விழுந்தது. டாக்டர் மண்டியிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி கத்தினார். "ஆஸ்பிரின்! யார்கிட்டயாவது ஆஸ்பிரின் இருக்கா?"

முதலில் ஒருவரும் அசையவில்லை. மேயரைப் பார்த்தார்கள். பிறகு ஒரு கோட்டுப் பையிலிருந்து ஒரு குப்பி வந்தது. இன்னொரு கைப்பையிலிருந்து இன்னொன்று. டாக்டரின் தலையைச் சுற்றி இருபது கைகள், இருபது குப்பிகள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு, மூச்சு, தூக்கம். சந்தையில் காய்கறி பொறுக்குவதுபோல் டாக்டர் அவற்றிலிருந்து ஆஸ்பிரினைப் பறித்தார்.

"ஆம்புலன்ஸ் இருக்குதானே? அதுல ஆக்ஸிஜன்?"

ரோலண்ட்தான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரும். அவர் மேயரைப் பார்த்தார், பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார். "வண்டி இருக்குங்க. உள்ள இருந்த சாமானெல்லாம் எடுத்து தீயணைப்புக் கொட்டகைல வெச்சிட்டோம்."

"ஏன்?"

"பூசணிக்காய் வைக்க."

"என்னது?"

"போட்டோவுக்கு," என்றார் மேயர். "அறுவடைக் காலம் இல்லையா, பாக்க லட்சணமா…"

டாக்டர் அவரைப் பார்த்த பார்வையில் மீதி அட்டைகள் மேயரின் கையிலிருந்து நழுவின. அப்போது பெர்னிஸ் கிழவி தட்டைக் கீழே வைத்தாள். கோட்டு மாட்டும் அறைக்கு நடந்தாள். எட்டு அடிதான், இரண்டு இடத்தில் நின்றாள். கதவைத் திறந்தாள். உள்ளே திணித்து வைத்திருந்ததெல்லாம் சரிந்து கூடத்துக்குள் வந்தது. கைத்தடிகள், நடைவண்டிகள், கக்கத்தில் இடுக்கும் கட்டைகள், மடக்கிய சக்கர நாற்காலி ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று. ஊரின் சனிக்கிழமை ஆரோக்கியம் முழுவதும் மரச்சத்தத்தோடு தரையில் கொட்டியது. அந்தக் குவியலிலிருந்து தன் உருளையை இழுத்து, பெர்னிஸ் அதை ஆரினின் பக்கத்தில் உருட்டிவிட்டாள்.

"திருப்பிக் குடுத்திரு, ஆரின்," என்றாள். "அவசரமில்ல."

வெளியே ஆம்புலன்ஸ் கழுவித் துடைத்துப் பலூன் கட்டி நின்றது. பெண்கள் பூசணிக்காய்களைத் தூக்கிப் புல்வெளியில் எறிந்தார்கள். வண்டியின் அபாயச் சங்கு ஊதத் தொடங்கியபோது மேயர் ஓடிவந்து, அது டாக்டருக்குத் தொந்தரவாக இருக்குமே என்றார். டாக்டர் வண்டிக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தார். அவர் கதவை இழுத்துச் சாத்தினார்.

முதல் பதினாறு மைலும் டாக்டர் ஆரினின் நாடியிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்கதவில் கட்டிய பலூன்கள் தகரத்தில் டபடபவென்று அடித்துக்கொண்டே வந்தன. காலுக்கடியில் ஒரு சின்னப் பூசணிக்காய் அங்குமிங்கும் உருண்டது.

"ஆரின், என்னைப் பாருங்க," என்றார் டாக்டர். "வலி எவ்வளவு? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

ஆரின் முகமூடிக்குள் யோசித்தார். நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று யோசிப்பது தெரிந்தது. "ரெண்டு," என்றார். "ரெண்டுகூட இருக்காது."

டாக்டரின் கை ஒரு கணம் தளர்ந்தது. தொலைபேசியில் மறுமுனையிலிருந்த ஆஸ்பத்திரிக்கு, "வலி ரெண்டு" என்று சொல்லத் தொடங்கினார்.

"இல்ல!" என்றாள் மார்லிஸ். அத்தனை சத்தமாக அவள் இதுவரை ஒரு விருந்தாளி முன்னால் பேசியதில்லை. "ரெண்டில்ல, டாக்டர். வைக்கோல் கட்டற மெஷின்ல இவர் கை மாட்டி எலும்பு வெளிய தெரிஞ்சப்ப ஒண்ணுன்னார். ரெண்டுன்னு இவர் வாயிலேர்ந்து நான் கேட்டதே இல்ல. காலைலேர்ந்து இருக்கு. முட்டை சாப்பிடல. வேலி கம்பம்னு பொய் சொன்னார். மூணு வருஷம் முன்னாடி சுருள் வெச்சிருக்கு. இங்க நல்ல காத்துன்னு நான் சொன்னதும் பொய்."

டாக்டர் தொலைபேசியை வாயருகே கொண்டுபோனார். "திருத்திக்குங்க. வலி பத்து. எல்லாரையும் தயாரா வெச்சிருங்க."

ஆரின் முகமூடியை ஒரு விரலால் தூக்கினார். "மானத்தை வாங்கிட்டாளே," என்றார்.

"வாயை மூடிக்கிட்டு மூச்சு விடு," என்றாள் மார்லிஸ். அவர் கையை விடவில்லை. எழுபத்தோரு மைல் ஓர் ஊர்கூடக் குறுக்கே வராமல், அறுவடை முடிந்த வெற்று வயல்களோடு போய்க்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம். நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டாக்டர் பாஸ்கோ வெளியே வந்து மார்லிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னொரு சுருள் வைத்தாயிற்று, பிழைத்துவிட்டார் என்றார். "இன்னும் அரை மணி போயிருந்தா…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். மார்லிஸ் கைப்பையைத் திறந்து, காகிதக் கைக்குட்டையில் சுற்றிய சாக்லேட் சதுரம் ஒன்றை எடுத்து நீட்டினாள். அதை எப்போது உள்ளே வைத்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. டாக்டர் முதல் தடவையே வாங்கிக்கொண்டார். இரண்டு கடியில் தின்றார்.

நடைபாதையின் கோடியில் மேயர் வந்துகொண்டிருந்தார். கையில் புதிதாக எழுதிய அட்டைகள். ஆரினைப் பற்றிக் கேட்டார்; கேட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தத் துயரமான சம்பவமே, டாக்டர், எங்க ஊருக்கு உங்க தேவை எவ்வளவுன்னு… சுருக்கமா கேக்கறேன். ஊர் பிடிச்சிருந்துதா?"

டாக்டர் விரலில் ஒட்டிய சாக்லேட்டைத் துடைத்தார். "ரொம்ப நல்ல ஊரு. இருநூறு பேரைக் கேட்டேன், எல்லாரும் நல்லா இருக்காங்க. எனக்கு அங்க என்ன வேலை?"

மேயர் சிரிக்கலாமா என்று மார்லிஸைப் பார்த்தார். மார்லிஸுக்கும் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் சொல்கிறேன் என்று எழுந்துபோனார் டாக்டர். வாசலில் ரோலண்ட் பலூன்களை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் ஐந்து வாரமாயிற்று. நவம்பரில் பனி கொட்டத் தொடங்கியது. மருத்துவமனைக் கட்டிடத்துக்கு முன்னால் மேயர் ஒரு பலகை நட்டார்: டாக்டரின் வாகனத்துக்கு மட்டும். நகரசபை இன்னொரு தீர்மானமும் போட்டது. இனிமேல் யாரும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. வெர்னுக்குக் கடிதம் மூலம் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. அந்தப் பலகைக்குக் கீழே யாரும் வண்டி நிறுத்தவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் யாராவது வந்து அந்த ஒரு கார் அளவு இடத்தைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டுப் போனார்கள். யார் முறை என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. தெருவெல்லாம் முழங்கால் பனி கிடக்க, அந்தச் செவ்வகம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. தானியக் கிடங்கின் மேலிருந்து பார்த்தால்கூடத் தெரியும் என்றார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தபால் நிலையத்திலிருந்து மார்லிஸ் வெளியே வந்தபோது அங்கே நின்றவர் ஆரின். அவரை மண்வாரியைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் வீட்டுத் துடைப்பத்தை எடுத்துவந்திருந்தார். காதுவரை தொப்பியை இழுத்துவிட்டு, செவ்வகத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, விதைக்கிறவர்போல் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். சட்டைப் பையில் மாத்திரைக் குப்பி புடைத்திருந்தது.

"எவ்வளவு?" என்று அவள் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே கேட்டாள்.

அவர் துடைப்பத்தை ஊன்றி நின்று யோசித்தார். "அரை," என்றார்.

அரை என்றால் என்ன என்று அவள் கணக்குப் போட்டாள். பரவாயில்லை என்று தோன்றியது. தெருவைக் கடந்து போய் அவர் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கினாள். அவர் விட்டுக்கொடுத்தார். மிச்சமிருந்த மூலையை அவள் பெருக்கத் தொடங்கினாள். பெருக்கப் பெருக்கப் பனி விழுந்துகொண்டிருந்தது. அவள் கைப்பையில், சற்று முன் ரோலண்ட் கொடுத்த கடிதம் பிரித்தபடி இருந்தது.

டாக்டர் மான்டானாவுக்குப் போய்விட்டார். அங்கே அவர் கணவருக்கும் பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தது.